வீட்டிலிருந்தே பிழைப்பு: மெய்யெது, பொய்யெது?

“படிப்பு வேண்டாம், அநுபவம் வேண்டாம், வீட்டை விட்டு நகரவும் வேண்டாம்; நாளொன்றுக்கு 2,000 ரூபாய்” என்னும் தினுசில் விளம்பரம் காணாத ஊர் இன்று தமிழ்நாட்டில் இல்லை. பஸ் நிலையச் சுவரிலும் மின்சாரக் கம்பத்திலும் ஒட்டியிருந்த இந்தச் சரக்கு, இப்பொழுது ஒவ்வொருவர் கைத்தொலைபேசியிலும் நாள் தவறாமல் வந்து விழுகிறது. கற்ற கனவான்கள் இதைப் படித்துவிட்டு நகைப்பது சுலபம். ஆனால் இவ்விளம்பரத்தை நம்பிப் போகிறவர் யார்? கைக்குழந்தையை விட்டு வெளியே போக இயலாத தாய். படுக்கையில் கிடக்கும் மாமியாரைக் கவனிக்கும் மருமகள். கால் நடமாட்டமில்லாத வாலிபன். வேலைக்குப் போனால் கூலியில் பாதி பஸ் கட்டணத்துக்கே சரியாய்ப் போகும் தூரத்துக் கிராமத்துப் பெண். இவர்களுக்கு வீட்டிலிருந்து செய்யும் வேலையைத் தவிர வேறு வழி கிடையாது. இவர்கள் மோசம் போவதைப் பேராசையின் பலன் என்று பேசுவது அநீதி என்பது நமது துணிபு.

வீட்டிலிருந்து செய்யும் வேலை நம் நாட்டிற்குப் புதிதன்று. திருநெல்வேலி, தென்காசி ஜில்லாக்களில் மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம் பக்கங்களிலுள்ள ஸ்திரீகள் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றுவதை வாசகர்களில் பலர் பார்த்திருப்பார்கள். திருப்பூரில் பனியன் துணிகளின் பிசிறு வெட்டும் வேலை வீடு தேடி வருகிறது. மதுரையில் அப்பளம் இடுதலும் பூக்கட்டுதலும் உண்டு. சாத்தூர், கோவில்பட்டிச் சீமையில் ஒரு காலத்தில் தீப்பெட்டிக் கூடு ஒட்டாத தெரு அபூர்வம். இயந்திரம் வந்தபின் அது சுருங்கிவிட்டது. இவற்றிற்குப் பள்ளிப் படிப்பு அவசியமில்லை. பக்கத்து வீட்டாரிடமே பழகிக்கொள்ளலாம்.

இவ்வேலைகளை ஒருசேர வைத்துப் பார்த்தால் ஒரு பொது லட்சணம் புலப்படும். சரக்கைப் பெரும்பாலும் வேலை கொடுப்பவனே தருகிறான். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு, உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி முன்கூட்டியே தெரியும். செய்த பொருளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் கடை கண்ணுக்குத் தெரிகிறது. அதே வேலையை அடுத்த தெருவில் பத்து வருஷமாய்ச் செய்கிறவள் ஒருத்தி இருக்கிறாள். அவளைக் கேட்டால் உண்மை விளங்கும். எல்லாவற்றிற்கும் மேலாக, பணம் கடையிலிருந்து வீட்டிற்கு வருகிறது.

மோசடியில் இந்த வழி தலைகீழாகிறது. வேலை கொடுக்கிறேன் என்று வருபவன் முதலில் பணம் கேட்கிறான். அதற்குப் பதிவுக் கட்டணம், முன்வைப்புத் தொகை, பயிற்சிச் செலவு என்று பெயர்கள் பல. பழைய தந்திரமொன்று உண்டு: மெழுகுவர்த்தி, கற்பூரம், பாக்குமட்டைத் தட்டு முதலியன செய்யும் இயந்திரத்தை விற்று, “செய்த சரக்கையெல்லாம் நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்” என்று கையெழுத்திடுவார்கள். முதல் மூட்டையை வாங்குவார்கள். இரண்டாவது மூட்டையில் தரம் குறைவு என்பார்கள். மூன்றாவது மூட்டை போய்ச் சேரும்பொழுது கடை பூட்டியிருக்கும். இயந்திரம் விற்பதே அவர்கள் தொழில். மெழுகுவர்த்தி அவர்களுக்கு ஒரு சாக்கு.

தட்டெழுத்து வேலை என்னும் மோசடி இதைவிடக் கொடியது. நூற்றுக்கணக்கான பக்கங்களை அனுப்பி, குறித்த நாளுக்குள் அநேகமாய்ப் பிழையின்றி அடித்துத் தரவேண்டும் என்று ஓர் ஒப்பந்தத்தில் சம்மதம் வாங்குகிறார்கள். இரவு பகலாய் அடித்துக் கொடுத்தபின், பிழை மிகுதி, ஒப்பந்தம் மீறப்பட்டது, நஷ்டஈடு கட்டு என்று வக்கீல் நோட்டீஸ் போன்ற ஒரு கடிதம் வருகிறது. ஒரு காசும் பெறாதவள் கைவளையை அடகு வைத்துக் கட்டுகிறாள். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி, வஞ்சனையால் பெற்ற சம்மதத்தை, வஞ்சிக்கப்பட்டவர் ரத்து செய்துகொள்ளலாம். எழுதிவைத்த அபராதம் எவ்வளவானாலும், நியாயமான நஷ்டஈட்டுக்கு மேல் எந்தக் கோர்ட்டும் கொடுக்காது. இந்த ஒரு செய்தி தெரிந்திருந்தால் எத்தனையோ வளைகள் கையிலேயே இருந்திருக்கும்.

அண்மைக் காலத்தில் டெலிகிராம், வாட்ஸப் வழியாகப் பரவியிருப்பது வேறொரு வலை. படத்திற்கு விருப்பக் குறி இடு, ஹோட்டலுக்கு நட்சத்திரம் கொடு என்று சொல்லி, முதல் நாள் நூறு இருநூறு மெய்யாகவே கணக்கில் போடுகிறார்கள். நம்பிக்கை ஏற்பட்டபின், பெரிய வேலைக்கு முன்பணம் கட்டு என்கிறார்கள். திரையில் லாபம் லட்சக்கணக்கில் ஏறும். எடுக்கப் போனால் வரி கட்டு, அபராதம் கட்டு என்பார்கள். தூண்டிலில் புழு வைப்பது மீனுக்கு விருந்திடவா? இன்னும் சிலர், “உன் பாங்குக் கணக்கில் பணம் வரும், ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பிவிடு, அதுவே வேலை” என்கிறார்கள். அந்தப் பணம் வேறொரு ஏழையிடம் திருடியதாயிருக்கும். கணக்கைக் கொடுத்தவனைத்தான் போலீஸார் முதலில் தேடி வருவார்கள். இதில் பணத்தோடு மானமும் போகிறது. இதைப் பற்றி நமது வாலிபர்களை விசேஷமாக எச்சரிக்கிறோம்.

ஆயினும் நேர்மையான வேலை யாவும் நியாயமான வேலை என்று நாம் சொல்ல வரவில்லை. பீடியையே எடுத்துக்கொள்வோம். கடையில் கொடுத்த இலை பற்றாவிட்டால் சுற்றுபவள் தன் காசில் வாங்கிச் சேர்க்கிறாள். சுற்றியதில் ஒரு பங்கைக் கழிவென்று ஒதுக்கினால் அந்த உழைப்புக்குக் கூலி இல்லை. பாஸ் புத்தகம் இல்லாதவள் பிறர் பெயரில் சுற்றுகிறாள்; வைப்பு நிதியும் மற்ற உரிமைகளும் அந்தப் பெயருக்கே போகும். புகையிலைத் தூள் நாள் முழுதும் மூச்சில் ஏறுகிறது. வேறு பிழைப்பு இல்லாமையால் இத்தனையும் பொறுக்கப்படுகிறது.

இந்தச் சொற்ப உரிமைகளும் தாமாக வந்தவையல்ல. வீட்டிலிருந்து சுற்றுபவள் தொழிலாளியே அல்லள் என்று முதலாளிகள் வாதாடினார்கள். 1966-ஆம் வருஷத்துப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் அவளையும் தொழிலாளி என்று சேர்த்துக்கொண்டது. அச்சட்டம் செல்லும் என்று 1974-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. வருங்கால வைப்பு நிதியும் அவளுக்கு உண்டு என்று 1985-இல் கூறியது. 1996-இல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம், வீட்டிலிருந்து உழைப்பவரையும் மற்றத் தொழிலாளருக்குச் சமமாக நடத்தவேண்டும் என்று உடன்படிக்கை செய்தது. நமது பார்லிமெண்டு 2020-இல் இயற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இவ்வகைத் தொழிலாளிக்கு ஓர் இலக்கணம் இருக்கிறது. இலக்கணம் ஏட்டிலிருந்து இறங்கி வருமா என்பது வேறு கேள்வி.

கூலி உயரவேண்டுமானால் வாங்குபவன் தனி வியாபாரியாயிராமல் சங்கமாயிருக்க வேண்டும் என்பதற்கு நம்மிடம் பழைய அநுபவம் உண்டு. 1925-இல் ஏற்பட்ட அகில பாரத நூற்போர் சங்கம், வீடுதோறும் ராட்டினத்தில் நூற்ற நூலை வாங்கிற்று. நூற்பவளுக்கு வயிறு காயாத கூலி தரவேண்டும் என்று காந்தியடிகள் 1935-இல் வற்புறுத்தியதன்பேரில் அச்சங்கம் கூலியை உயர்த்தத் தீர்மானித்தது. கதர் விலை ஏறினால் விற்பனை குறையுமே என்று சொன்னவர்கள் அன்றும் இருந்தார்கள்.

பம்பாயில் நடந்தது இன்னும் தெளிவு. 1959-இல் கிர்காமில் ஏழு ஸ்திரீகள் 80 ரூபாய் கடன் வாங்கி, மாடியில் அமர்ந்து அப்பளம் இட்டார்கள். அதுவே இன்றைய லிஜ்ஜத். அப்பளம் இடுபவள் கிளைக்குப் போய்ப் பிசைந்த மாவை வாங்கிக்கொண்டு வீட்டிற்கு வருகிறாள். இட்டு உலர்த்தி மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்துக் கூலி பெறுகிறாள். வேலை நாம் முன்சொன்ன மாதிரிதான். வித்தியாசம் ஒன்றே: அவள் அங்கே கூலிக்காரியாக மட்டும் இல்லாமல் பங்குக்காரியுமாவாள், லாபத்தில் அவளுக்கும் பாத்தியதை உண்டு. ஏழு பேர் இன்று நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டிருக்கிறார்கள். ஆமதாபாத்தில் 1972-இல் ஏலா பட் அம்மையார் தொடங்கிய ‘சேவா’ சங்கமும், தைப்பவர், பீடி சுற்றுபவர், ஊதுவத்தி உருட்டுபவர் ஆகியோரை ஒன்று சேர்த்தே கூலி பேசிற்று.

நமது தொண்டர்கள் தேர்தல் காலத்தில் வீடுவீடாய்ப் போகிறவர்கள். எந்த வீட்டில் யார் முடங்கியிருக்கிறார் என்பதை அவர்களைவிட அறிந்தவர் இல்லை. ஊரில் மெய்யாகவே வேலை கொடுக்கும் கடை எது, ஆயிரத்துக்குக் கூலி என்ன, எந்த நாளில் பட்டுவாடா என்பதை எழுதிப் படிப்பகச் சுவரில் ஒட்டுவதற்கு ஒரு மாலை போதும். சிறு தொழிலுக்கான உத்யம் பதிவுக்கும், அமைப்புசாராத் தொழிலாளருக்கான இ-சிரம் பதிவுக்கும் சர்க்காருக்குக் கட்டணம் இல்லை. தரகர் கேட்டால் கொடுக்க வேண்டாம் என்பதையும் சேர்த்து எழுதலாம்.

பணம் இழந்தவள் பெரும்பாலும் புருஷனிடம்கூடச் சொல்லமாட்டாள். அந்த மௌனமே மோசக்காரனுக்கு மூலதனம். 1930 என்னும் எண்ணுக்கு உடனே செய்தி போனால், பணம் கைமாறுமுன் பாங்கில் தடுத்து நிறுத்த வழியுண்டு; நாள் கடந்தால் அது பல கணக்குகளில் சிதறிப்போகும். ஆகையால் ஒருத்தி வந்து சொல்லும்பொழுது, ஏன் ஏமாந்தாய் என்று விசாரணை நடத்தாமல், அந்த எண்ணை முதலில் சுழற்றிக் கொடுங்கள்; பிறகு போலீஸ் நிலையத்துக்கு அவளோடு கூடப் போங்கள்.