கணினிக்கு உயிரூட்டும் பெட்டி

வன்னிப் பெருநிலத்திலே மின்சாரம் கிடைத்தற்கரிய பொருளாக இருந்த காலம் ஒன்றுண்டு. போர்க்காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்களும், ஜாம் போத்தல் விளக்கொளியிற் பாடம் படித்தவர்களும் இன்று பெற்றோராய் விளங்குகின்றனர். அவர்தம் பிள்ளைகளோ கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்திலும், 2021ஆம் ஆண்டில் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் பயில்கின்றனர். முப்பரிமாண வரைபடம், செயற்கை நுண்ணறிவு முதலியவற்றைப் பயில்வோர் பலர்க்குக் கிராபிக்ஸ் அட்டை பொருத்திய கணினி வேண்டியதாகிறது.

அட்டையின் விலையை விசாரிப்போர் பலர். அதற்கு மின்சாரம் ஊட்டும் பெட்டியை விசாரிப்போர் சிலரே. சுவரிலிருந்து வரும் 230 வோல்ற்று ஆடலோட்டத்தை 12, 5, 3.3 வோல்ற்று நேரோட்டமாக மாற்றித் தரும் மின்வலு வழங்கியே அப்பெட்டி. அது வலுவற்றதாயின், வேலை உச்சத்தில் இருக்கும்போது கணினி திடீரென அணைந்துவிடும். அது பழுதுற்றால், குடும்பம் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய அட்டையும் உடன் கெடலாம்.

எவ்வளவு வலு வேண்டும்? ஓர் உதாரணம் காண்போம். என்விடியா ஆர்.டி.எக்ஸ். 3060 அட்டைக்கு 170 வாற்று வேண்டும். செயலி, தட்டு, விசிறி முதலியவற்றுக்கு ஏறக்குறைய 130 வாற்று என்று கொள்வோம். கூட்டினால் 300. ஆயினும் அவ்வட்டைக்கு 550 வாற்று வழங்கியையே நிறுவனம் பரிந்துரைக்கின்றது. காரணம் யாதெனில், அட்டை கணப்பொழுதிலே தன் வழக்கமான அளவை மீறி மின்சாரத்தை இழுக்கும் இயல்புடையது.

பெட்டியின்மேற் பெரிதாக அச்சிட்ட எண்ணை மட்டும் நம்புதல் தகாது. இரணைமடுக் குளத்தில் எவ்வளவு நீர் நிறைந்திருப்பினும், வயலுக்குப் பாயும் அளவைத் தீர்மானிப்பது துருசு அன்றோ? கிராபிக்ஸ் அட்டைக்குத் துருசாய் அமைவது 12 வோல்ற்று வழியே ஆகும். பெட்டியின் பக்கத்தில் ஒட்டிய அட்டவணையில் அவ்வழிக்குரிய அம்பியரைப் பார்த்து, 12ஆற் பெருக்குக. 45 அம்பியராயின் 540 வாற்று. 18 அம்பியராயின் 216 வாற்றே. பின்னதன் வெளியே ‘500’ என்று எழுதியிருப்பினும், மேற்கூறிய கணினிக்கு அது போதாது.

அடுத்து இணைப்புகளைக் கவனித்தல் வேண்டும். தாய்ப்பலகையின் செருகுவாய் அட்டைக்கு 75 வாற்று தரும். 6 முனை இணைப்பு மேலும் 75 வாற்றும், 8 முனை இணைப்பு 150 வாற்றும் தரும். அட்டை கேட்கும் இணைப்பு வழங்கியிலேயே இருத்தல் நன்று. வன்தட்டுக்குரிய வயரை மாற்றியமைத்து அட்டைக்குப் பூட்டினால் அது சூடேறி உருகக்கூடும். ஒரு வழங்கியின் கழற்றக்கூடிய வயரை வேறொரு வழங்கிக்குப் பூட்டுவதும் ஆபத்தே. முனை ஒத்திருப்பினும் உள்ளிணைப்பு மாறியிருக்கும்.

‘80 பிளஸ்’ என்னும் முத்திரை, வழங்கி வீணாக்கும் மின்சாரம் குறைவு என்பதற்குச் சான்று. 300 வாற்று கொடுக்க, 80 வீதத் திறனுடையது சுவரிலிருந்து 375 வாற்று எடுக்கும். 90 வீதத் திறனுடையது 333 வாற்றே எடுக்கும். மிகுதி யாவும் வெப்பமாகும். வன்னியின் கோடையில் அவ்வெப்பம் பெட்டியின் ஆயுளைக் குறைக்கும். ஆதலின் காற்றோட்டமும் தூசி நீக்கமும் அவசியம்.

2022 பங்குனி இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு நிலவியதையும், 2025 மாசி 9ஆந் திகதி நாடு முழுவதும் இருளில் மூழ்கியதையும் நாம் மறக்கவில்லை. எனவே யூ.பி.எஸ். ஒன்றும் வேண்டும். அதிலும் கணக்குப் பார்த்தல் அவசியம். 650 வோல்ற்று-அம்பியர் என்று குறித்தது பெரும்பாலும் 360 வாற்றளவையே தாங்கும். மேற்கண்ட கணினிக்கு அது மட்டுமட்டே. 1000 அல்லது அதற்கு மேற்பட்டது பொருந்தும். அது நீண்டநேரம் வேலை செய்வதற்கன்று. செய்த வேலையைச் சேமித்து ஒழுங்காக அணைப்பதற்கே. வீட்டின் புவித்தொடுப்பையும் மின்வினைஞரைக் கொண்டு சோதித்தல் நன்று.

விரலுக்குத் தக்க வீக்கம் என்பார்கள். பணம் போதாவிடின் அட்டையில் ஒரு படி இறங்குக, வழங்கியில் இறங்கற்க. நல்ல வழங்கி, நாளை வாங்கும் அட்டைக்கும் உதவும். கடைக்குச் செல்லுமுன் பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கிருந்து, கடதாசியும் பென்சிலும் எடுத்து இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பார்களாக.