மீன் தலையில் கல்! கல்லில் வயசு!
சாந்தோம் நெடுஞ்சாலையில் ஒரு மீன் உலகம்

பட்டினப்பாக்கம் என்றால் ஜனங்களுக்கு எது ஞாபகம் வரும்? கடற்கரை, பஸ் நிலையம், சீனிவாசபுரம், மணலில் ஏற்றி வைத்த பைபர் படகுகள். அவ்வளவுதான்.

அதே வட்டாரத்தில், சாந்தோம் நெடுஞ்சாலை 75-ம் எண் வளாகத்தில், மத்திய அரசின் மீன் ஆராய்ச்சி நிறுவனங்கள் இரண்டு இருக்கின்றன. தினமும் அந்த வழியே பஸ்ஸில் போகிற பலருக்கு, மதிலுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது.

ஒன்று, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் சென்னைப் பிரிவு. கடலில் பிடிக்கிற மீன் இவர்கள் பொறுப்பு. இன்னொன்று, 1987-ல் தொடங்கிய மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம். சுருக்கமாக ‘சிபா’. உப்புத் தண்ணீர்க் குளத்தில் வளர்க்கிற மீனும் இறாலும் இவர்கள் பொறுப்பு.

கொச்சியில் கதவு திறக்கிறது

கடல் மீன்வள நிலையம் பிறந்தது 1947 பிப்ரவரி 3-ல். முதலில் இடம் கொடுத்தது சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் துறைதான். பிறகு மண்டபம் போனது. 1971-ல் தலைமையகம் கொச்சிக்கு மாறியது.

ஆண்டுதோறும் அந்தப் பிறந்தநாளை ஒட்டி கொச்சியில் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்து விடுகிறார்கள். அருங்காட்சியகம், மீன் தொட்டி, ஆய்வுக்கூடம் எல்லாவற்றையும் ஜனங்கள் சுற்றிப் பார்க்கலாம். விஞ்ஞானிகளிடம் நேரிலேயே கேள்வி கேட்கலாம்.

பட்டினப்பாக்கத்து ஜனங்களிடமும் கேள்வி இருக்கிறது. மீன் விற்கிறவருக்கு ஒரு கேள்வி என்றால், வாங்குகிறவருக்கு ஒன்பது கேள்வி!

மீனுக்கு வயசு எப்படித் தெரியும்?

கத்தாழை மீன் தலையைக் கடித்தவர்களுக்குத் தெரியும். பல்லில் ‘நறுக்’கென்று ஒரு வெள்ளைக் கல் தட்டுப்படும். அது மீனின் காதுக் கல். காது கேட்கவும், தண்ணீரில் சாயாமல் நீந்தவும் மீனுக்கு அது வேண்டும்.

மீன் வளர வளரக் கல்லும் வளரும். மெல்லியதாகத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால், மரத்தில் தெரிகிற மாதிரி வளையங்கள் தெரியும். நாளுக்கு ஒரு வளையம் விழுகிறது என்று பனெல்லா என்ற விஞ்ஞானி 1971-ல் எழுதினார்.

குளிர் நாட்டு மீனில் ஆண்டு வளையம் தெளிவாகத் தெரியும். நம்ம ஊர்க் கடல் எப்போதும் வெதுவெதுப்பு. அதனால் அது அவ்வளவு தெளிவாக விழுவதில்லை. ஆகவே கரைக்கு வரும் மீன்களை நூற்றுக்கணக்கில் அளந்து பார்த்தும் வளர்ச்சியைக் கணக்கிடுகிறார்கள்.

கடல் மீனை யார் எண்ணுவது?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். அதேதான் இங்கும். எல்லாக் கரையிலும் எல்லா நாளும் நிற்க முடியாது. குறித்த நாளில் குறித்த கரைக்குப் போய், சில படகுகளின் மீனை இனம் பிரித்து, எடையைக் குறித்துக்கொள்கிறார்கள். அதிலிருந்து நாட்டின் மொத்தக் கணக்கு கிடைக்கிறது.

2024-ல் நாடு முழுவதும் பிடித்த கடல் மீன் சுமார் 34.7 லட்சம் டன். தமிழ்நாட்டின் பங்கு சுமார் 6.8 லட்சம் டன். குஜராத்துக்கு அடுத்த இடம்!

ஆணாகப் பிறந்து பெண்ணாகும் மீன்

கொடுவா மீன் சங்கதி இன்னும் வேடிக்கை. அது முதலில் ஆணாக இருக்கும். பெரிதாக வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும்! இந்த மீனை 1997-ல் அடைத்து வைத்த இடத்திலேயே முட்டையிட வைத்தது ‘சிபா’. 2015-ல் பால் மீனிலும் வெற்றி.

கொடுவாவைச் சின்னதிலேயே பிடித்துத் தீர்த்தால் என்ன ஆகும்? முட்டையிடப் பெண்ணே மிஞ்சாது. ‘ஒரு தடவையாவது முட்டை போடட்டும், அப்புறம் பிடிக்கலாம்’ என்பதுதான் எல்லா மீனுக்கும் விஞ்ஞானிகள் சொல்கிற கணக்கு.

கேரளத்தில் 2015 முதல் இது சட்டம். மத்தி 10 சென்டிமீட்டருக்கும், கானாங்கத்தை 14 சென்டிமீட்டருக்கும் குறைந்தால் பிடிக்கக் கூடாது. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடை. முன்பு 45 நாளாக இருந்தது, 2017-ல் 61 நாளானது.

61 நாள் படகு நின்றால் அடுப்பு எப்படி எரியும் என்பது மீனவர் கேள்வி. ‘குட்டி மீனைத் தின்றுவிட்டு அடுத்த வருஷம் பெரிய மீனுக்கு எங்கே போவது?’ என்பது ஆராய்ச்சிக் கேள்வி. இரண்டும் நியாயம். இரண்டு பேரும் ஒரே இடத்தில் நின்று பேசினால்தான் வழி பிறக்கும்.

குப்பையும் காசாகும்

மார்க்கெட்டில் வெட்டி எறியும் செதிலும் குடலும் நாற்றம்தானே? அந்தக் கழிவிலிருந்து ‘பிளாங்க்டன் பிளஸ்’, ‘ஹார்ட்டி பிளஸ்’ என்று இரண்டு சரக்கு செய்திருக்கிறது ‘சிபா’. ஒன்று மீன் குளத்துக்கு, மற்றது செடிக்கு. இதுவும் மீன் வெட்டும் பெண்கள் நேரில் பார்க்க வேண்டிய சங்கதி.

மாலையில் திறந்தால்…

பகல் பத்து மணிக்குக் கதவு திறந்தால் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். மாலை ஆறு மணிக்குத் திறந்தால் ஆபீஸ் விட்டு வருகிற குமாஸ்தாவும் எட்டிப் பார்ப்பார். விடியுமுன் கடலுக்குப் போய் வந்து, மதியம் கண்ணயர்ந்து எழுந்த மீனவரும் வருவார்.

அவர்தான் முக்கியம். விஞ்ஞானி அளக்கிற மீன் அவர் வலையில் வந்தது. தன் மீனைக் கொண்டு போட்ட கணக்கு என்ன சொல்கிறது என்று கேட்க முதல் உரிமை அவருக்குத்தான்.

அதுவரை ஒரு காரியம் செய்யலாம். இன்று ராத்திரி வீட்டில் கத்தாழைக் குழம்பா? தலையைத் தூக்கி எறியாதீர்கள். கல்லை எடுத்துக் கழுவி, பிள்ளைகள் கையில் கொடுத்துப் பாருங்கள்!