ஹேம்குண்ட் சாகிப்: எப்போது போகலாம்?

உத்தரகண்ட் மாநிலத்தில், இமயமலையில் ஓர் ஏரி உள்ளது. அதன் கரையில் சீக்கியர்களின் கோயில் இருக்கிறது. அதன் பெயர் ஹேம்குண்ட் சாகிப். உயரம் 4,000 மீட்டருக்கு மேல்.

குளிர்காலத்தில் அங்கே பனி மூடிவிடும். கோயிலையும் மூடிவிடுவார்கள். மே கடைசியிலோ ஜூனிலோ திறப்பார்கள். அக்டோபரில் மீண்டும் மூடுவார்கள்.

ஜூனில் வழியில் பனி கிடக்கும். ஜூலை, ஆகஸ்டில் மலையெங்கும் பூக்கள் பூக்கும். ஆனால் மழை கொட்டும். மண் சரிந்து பாதை அடைபடும். செப்டம்பர் பாதிக்கு மேல் மழை குறையும். வானம் தெளியும். நடக்க அதுவே நல்ல காலம்.

கடைசி 6 கிலோமீட்டர் செங்குத்தான ஏற்றம். முதல் நாள் இரவு காங்கரியாவில் தங்கி, விடியற்காலையில் ஏற வேண்டும். மேலே இரவு தங்க முடியாது. அன்றே இறங்கிவிட வேண்டும்.

உயரத்தில் காற்று குறைவு. தலைவலியோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே கீழே இறங்குங்கள். கோயில் அடுத்த ஆண்டும் திறக்கும்.