எதிரணித் தேர்தலில் விழும் ஓட்டு

ஒரு கட்சியோ சங்கமோ தன் வேட்பாளரை, தலைவரை உறுப்பினர்களின் வாக்கால் தேர்ந்தெடுக்கும்போது எதிரணியைச் சேர்ந்தவர்களும் உள்ளே நுழைந்து வாக்களிப்பது உண்டு. இதற்கு இரண்டு நோக்கங்கள் இருக்கலாம். எளிதில் தோற்கக்கூடிய ஆளை எதிரணியின் முகமாக்கிவிடுவது ஒன்று. எப்படியும் அந்த அணிதான் வெல்லப்போகிறது என்னும் இடத்தில், இருப்பவர்களுக்குள் தேவலையான ஆளைக் கொண்டுவருவது மற்றொன்று. முன்னது சூழ்ச்சி, பின்னது தற்காப்பு. வாக்குப்பெட்டிக்குள் போன பிறகு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆகவே சட்டம் பொதுவாக வாக்காளரின் மனத்துக்குள் புகுந்து இவற்றைப் பிரிக்க முயல்வதில்லை. யார் வாக்களிக்கலாம் என்ற வாசலில்தான் கட்டுப்பாடு வைக்கப்படுகிறது.

அமெரிக்காவில் இந்த வாசல் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூயார்க்கிலும் புளோரிடாவிலும் கட்சியின் பேரில் பதிவு செய்துகொண்டவர் மட்டுமே அதன் உள்தேர்தலில் வாக்களிக்கலாம். டெக்சாஸ், மிச்சிகன் போன்ற மாநிலங்களில் கட்சிப் பதிவே கிடையாது. அன்று எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம். 2008இல் வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பா, ஒபாமாவுக்கும் ஹிலாரி கிளின்டனுக்கும் இடையிலான போட்டி இழுத்துக்கொண்டே போக வேண்டும் என்பதற்காக, குடியரசுக் கட்சி நேயர்களை ஹிலாரிக்கு வாக்களிக்கச் சொன்னார். அதைச் சட்டத்தால் தடுப்பது கடினம். ஆனால் தன் தேர்வில் அயலாரைச் சேர்க்கும்படி ஒரு கட்சியைக் கட்டாயப்படுத்த முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் கலிபோர்னியா வழக்கில் தீர்ப்பளித்தது. பிரிட்டனில் தொழிற்கட்சி 2015இல் 3 பவுண்டு கட்டியவருக்கெல்லாம் தலைவர் தேர்தலில் வாக்குரிமை கொடுத்தது. கன்சர்வேடிவ் கட்சிக்காரர்களும் பணம் கட்டி நுழைகிறார்கள் என்ற சந்தேகம் எழுந்ததும், விண்ணப்பங்களை நடுவழியில் சலித்து ஆயிரக்கணக்கானோரை நீக்க வேண்டிவந்தது. மறு ஆண்டு கட்டணம் 25 பவுண்டு ஆனது.

இந்தியாவில் கட்சி வேட்பாளரை வாக்காளர் தேர்ந்தெடுக்கும் முறை இல்லை. 2014 மக்களவைத் தேர்தலுக்கு முன் காங்கிரஸ் ஒரு சில தொகுதிகளில் மட்டும் உள்தேர்தல் நடத்திப் பார்த்தது. அந்தப் பழக்கம் வேரூன்றவில்லை. தமிழ்நாட்டில் விருப்ப மனு, கட்டணம், நேர்காணல், அதன் பிறகு தலைமையின் அறிவிப்பு என்பதுதான் வழக்கம். எனவே காஞ்சிபுரம் மாவட்டம் படப்பையில் குடியிருக்கும் ஒருவருக்கு எதிரணியின் உள்தேர்தலில் வாக்களிக்கும் வாய்ப்பு கட்சி வழியாக வராது. அது வருமானால் தொழிற்சாலை வழியாகத்தான் வரும். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஷிப்டுக்கு ஷிப்ட் கம்பெனிப் பேருந்துகளில் ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம் போய் வருகிறவர்களுக்குச் சங்க நிர்வாகிகள் தேர்தல், சங்க அங்கீகார வாக்கெடுப்பு, பணிக்குழுத் தேர்தல் என மூன்று தேர்தல்கள் எதிர்ப்படலாம். மூன்றிலும் அணி மாறி ஓட்டுப் போட இடமுண்டு.

இவற்றில் யார் வெல்கிறார் என்பது சம்பளச் சீட்டு வரை வந்து சேரும். சங்க வட்டாரத்தில் 18(1) என்றும் 12(3) என்றும் பேசிக்கொள்வது தொழிற்தகராறு சட்டம், 1947இன் பிரிவுகளை. நிர்வாகமும் ஒரு சங்கமும் நேரடியாகப் போட்டுக்கொள்ளும் 18(1) ஒப்பந்தம் கையெழுத்திட்ட தரப்புகளை மட்டுமே கட்டுப்படுத்தும். தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்னிலையில் ஏற்படும் 12(3) ஒப்பந்தமோ எந்தச் சங்கத்திலும் இல்லாதவர் உட்பட அந்த நிறுவனத்தின் அத்தனை தொழிலாளர்களையும் கட்டுப்படுத்தும். தொழிற்சங்கத் தேர்தலில் விளையாட்டாக வாக்களிப்பவர் கவனிக்க வேண்டியது இதைத்தான். எதிர்ச் சங்கத்துக்கு ஒரு பலவீனமான செயலாளரைப் பிடித்து வைத்தால், அவர் போடும் 12(3) ஊதிய ஒப்பந்தம் வைத்தவரையும் சேர்த்தே கட்டும்.

1947 சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, 2020 கணக்கை இன்னும் கூர்மையாக்கியிருக்கிறது. அதுவரை தமிழ்நாட்டில் சங்க அங்கீகாரத்துக்குத் தனிச் சட்டம் இல்லை. இப்போது பல சங்கங்கள் உள்ள நிறுவனத்தில், மஸ்டர் ரோலில் உள்ள தொழிலாளர்களில் 51 விழுக்காட்டினரின் ஆதரவு பெற்ற சங்கம் மட்டுமே தனியாகப் பேச்சுவார்த்தை நடத்தலாம். எந்தச் சங்கமும் அந்த அளவை எட்டாவிட்டால், குறைந்தது 20 விழுக்காடு ஆதரவுள்ள சங்கங்கள் எல்லாம் சேர்ந்து பேச்சுவார்த்தைக் குழுவாக உட்கார வேண்டும். ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆலையை எடுத்துக்கொண்டால் 510 பேர் ஆதரவுள்ள சங்கம் தனித்துப் பேசும். அதிலிருந்து இருபது பேர் நழுவினால், 210 பேர் ஆதரவுள்ள எதிர்ச் சங்கத்தோடு ஒரே மேசையில் உட்கார வேண்டியதுதான். பெரும்பான்மையான 505 பேர் பின்னால் இருந்தாலும் நிலைமை அதுவே. சில பத்து ஓட்டுகளை இடம் மாற்றுவதற்கு இவ்வளவு பெரிய பலன் கிடைக்கும் இடத்தில், மாற்றிப் பார்க்கும் ஆசை யாருக்கும் வரும்.

போட்டி அமைப்பு என்பது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் சிஐடியு சார்ந்த சங்கத்தினர் 2024 செப்டம்பர் 9 முதல் ஒரு மாதத்துக்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்தபோது, அக்டோபர் 7 அன்று நிர்வாகம் தொழிலாளர்களில் வேறொரு பிரிவினரோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது. வேலைநிறுத்தம் செய்தவர்கள் அதை ஏற்காமல் போராட்டத்தைத் தொடர்ந்தனர். அது அக்டோபர் நடுவில்தான் முடிந்தது. அவர்களது சங்கம் உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில் பதிவு பெற்றது. தொழிலாளர்கள் சார்பில் யார் கையெழுத்திடலாம் என்ற கேள்வி முளைத்தால் எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்கு அது ஓர் உதாரணம்.

சங்கம் அமைக்கும் உரிமை அரசியலமைப்பின் 19(1)(இ) பிரிவில் உள்ளது. எந்தச் சங்கத்தில் சேருவது, எப்போது விலகுவது என்பது தொழிலாளியின் விருப்பம். அங்கீகார வாக்கெடுப்பு ரகசியமாக நடக்கும்போது ஒரு சங்கத்துக்குச் சந்தா கட்டிக்கொண்டே இன்னொரு சங்கத்துக்கு வாக்களிக்கலாம். அது குற்றமல்ல, யாருக்கும் விளக்கம் சொல்லவும் தேவையில்லை. சங்கத்தின் உள்தேர்தல் வேறு வகை. அங்கே சங்கத்தின் துணைவிதியே சட்டம். இரட்டை உறுப்பினராக இருக்கக் கூடாது என்று விதி இருந்தால், அதை மறைத்துச் சேர்ந்தவரின் உறுப்பினர் தகுதி பறிபோகலாம். அவரைப் போன்றவர்கள் போட்ட ஓட்டுகளால் அந்தத் தேர்தலே வழக்கில் சிக்கலாம். இன்னொரு ஆபத்து, சந்தா சம்பளத்தில் பிடிக்கப்படும் இடங்களில் உள்ளது. யார் எந்தச் சங்கம் என்பது அங்கே எச்.ஆர். கணினியில் பதிவாகியிருக்கும். ஓட்டுதான் ரகசியம், சந்தா ரகசியமல்ல.

தொழிலாளி தானாக அணி மாறுவதும், மேலாளர் சொல்லி மாறுவதும் ஒன்றல்ல. நிர்வாகமே சங்கம் தொடங்குவது, ஒரு சங்கத்துக்குப் பணமோ ஆதரவோ கொடுப்பது, அங்கீகாரம் பெறாத சங்கங்களில் ஒன்றின் உறுப்பினருக்கு மட்டும் சலுகை காட்டுவது ஆகியவை முறையற்ற தொழில் நடைமுறைகள் என்று 1947 சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை பட்டியலிட்டது. புதிய தொகுப்பின் இரண்டாம் அட்டவணையும் அவற்றை வைத்திருக்கிறது. முதல் முறைக்கு 10,000 முதல் 2,00,000 ரூபாய் வரை அபராதம். சங்கத்தில் சேரும்படியோ சேராமல் இருக்கும்படியோ தொழிலாளியை மிரட்டுவது சங்கத்தின் தரப்பில் செய்தாலும் அதே பட்டியலில்தான் வரும். பேச்சில் இந்தப் பாதி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

டிரெய்னிகளும் கான்ட்ராக்ட் தொழிலாளர்களும் நிறைந்த பகுதி இது. தொழிற்பழகுநர் சட்டம், 1961இன் கீழ் வருபவர்கள் தொகுப்பின்படி தொழிலாளர் அல்லர்; அங்கீகாரக் கணக்கில் அவர்கள் சேரமாட்டார்கள். கான்ட்ராக்ட் தொழிலாளியின் பெயர் ஒப்பந்தக்காரரின் பதிவேட்டில் இருக்கும். தேர்தல் நெருங்கும் நேரத்தில் மஸ்டர் ரோலில் திடீரென்று பெயர்கள் கூடினாலோ குறைந்தாலோ விசாரித்துப் பார்ப்பது நல்லது.

சங்கம் தன்னைக் காத்துக்கொள்ள முதல் கருவி, உறுப்பினராவதற்கான கெடு தேதி. தொழிற்கட்சி 2015இல் கோட்டைவிட்டது அங்கேதான். தொழில்துறைக்கான 1958இன் ஒழுங்குநெறித் தொகுப்பு, முந்தைய ஆறு மாதத்தில் குறைந்தது மூன்று மாதச் சந்தா கட்டியவரையே உறுப்பினராகக் கணக்கிட்டது. இந்த ஏற்பாட்டை எந்தச் சங்கமும் தன் துணைவிதியில் எழுதிக்கொள்ளலாம். உறுப்பினர் பட்டியலையும் கணக்குப் புத்தகத்தையும் பார்வையிடும் உரிமையை உறுப்பினருக்கு 1926ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டமே கொடுத்திருந்தது. ஆட்சேபணையை வாக்கெடுப்புக்கு முன்பே எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்வது முக்கியம். தோற்ற பிறகு எழுப்பும் புகாருக்கு நீதிமன்றத்தில் மதிப்பு குறைவு. அங்கீகார வாக்கெடுப்பை எப்படி நடத்துவது என்பதற்கு, இந்திய உணவுக் கழக ஊழியர் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995இல் ரகசிய வாக்கெடுப்பு நெறிமுறைகளை வகுத்துத் தந்திருக்கிறது.

நிர்வாகிகள் தேர்தல் பற்றிய தகராறுகள் முன்பு சிவில் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. தொழிலுறவுத் தொகுப்பின் 22ஆம் பிரிவு அவற்றைத் தொழில் தீர்ப்பாயத்துக்கு மாற்றியிருக்கிறது. சேர்க்க மறுக்கப்பட்ட தொழிலாளியும், தேர்தலில் குளறுபடி கண்ட உறுப்பினரும் அங்கே நேரடியாக விண்ணப்பிக்கலாம். நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் அமைக்கப்படும் பணிக்குழு, சங்கத்துக்குப் பதிலாக வேலை நிபந்தனைகளை மாற்றிக் கையெழுத்திட முடியாது என்று நார்த் புரூக் சணல் ஆலை வழக்கில் 1960இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மிரட்டலோ சலுகையோ பற்றிய புகாருக்கு வாட்ஸ்அப் செய்திகள், ஷிப்ட் மாற்ற உத்தரவுகள், சந்தா ரசீதுகள், அன்றன்று எழுதிவைத்த குறிப்புகள் சான்றாக உதவும். புகாரைச் சமரச அலுவலரிடம் கொடுக்கலாம். வழக்குரைஞருக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டியதில்லை: சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், 1987இன் 12ஆம் பிரிவு தொழிற்சாலைத் தொழிலாளியை இலவச சட்ட உதவிக்கு உரியவராகச் சேர்த்திருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலோ 15100 என்ற இலவச எண்ணிலோ கேட்டுப் பெறலாம்.