தீபாவளிக்குக் கூடிச் செய்யும் அதிரசம்

தீபாவளிக்கு முன் நான்கைந்து குடும்பத்தார் ஓரிடத்திற் கூடி அதிரசம் செய்வதால் எரிபொருளும் உழைப்பும் மிச்சமாகும். ஆயின், பாகின் பதம் தவறினால் எல்லோருடைய அரிசியும் வெல்லமும் ஒருங்கே பாழாகும்.

பச்சரிசி 4 பங்குக்கு வெல்லம் 3 பங்கு நிறுத்துக்கொள்ளல் வேண்டும். அரிசியை 2 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் துணிமேற் பரப்பி, சற்றே ஈரமிருக்கும்போது இடித்துச் சலிக்க வேண்டும். முற்றும் காய்ந்த மாவு பாகுடன் நன்கு சேராது.

பாகைத் தண்ணீரில் ஒரு துளி விட்டால் மிருதுவான உருண்டையாகத் திரள வேண்டும். இளம்பாகாயின் அதிரசம் எண்ணெயிற் பிரியும், முதிர்ந்ததாயின் கடினமாகும். ஆதலின், பாகு பார்க்கும் பொறுப்பைக் கைதேர்ந்த ஒருவரிடமே விடுதல் நலம்.

பிசைந்த மாவை ஓரிரவு வைத்திருந்து, மறுநாள் ஒன்றை மட்டும் பொரித்துப் பார்த்தல் அவசியம். அது பிரிந்தால் சிறிது அரிசிமாவு சேர்த்துத் திருத்தலாம். சிறுவர்கள் இலையில் தட்டிக் கொடுக்கலாம். அடுப்பருகே அவர்களை விடலாகாது.