வகுக்காமலே பிடிபட்ட பகா எண்

170141183460469231731687303715884105727.

மொத்தம் 39 இலக்கங்கள். 127 இரண்டுகளை வரிசையாக எழுதிப் பெருக்கி, அதில் ஒன்றைக் கழித்தால் கிடைப்பது. இது பகா எண் என்று 1876-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் எதுவார் லூக்கா அறிவித்தார். ஹனோய் கோபுரம் என்ற வட்டுப் புதிரைப் பின்னாளில் உலகுக்குத் தந்தவரும் இவரே.

பள்ளியில் படித்த வழியில் 2, 3, 5, 7 என்று வகுத்துக்கொண்டே போனால், இந்த எண்ணின் வர்க்கமூலம் வரை போக வேண்டும். அதுவே 20 இலக்கம். ஒவ்வொன்றாக நொடிக்கு 100 கோடி எண்களால் வகுத்தாலும் 400 ஆண்டுக்கு மேல் ஆகும். லூக்கா அந்தப் பக்கமே போகவில்லை.

அவர் கண்ட வழியை 1930-இல் கணித அறிஞர் லெமர் எளிமையாக்கினார். சின்ன எண்ணில் பார்த்துவிடலாம். 7 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 127. இது பகா எண்ணா? 4-இல் தொடங்குங்கள். அதை வர்க்கமாக்கி 2-ஐக் கழித்தால் 14. மறுபடி அதையே செய்தால் 194. 127 போக மீதி 67. இப்படியே போனால் அடுத்த மீதி 42, அதற்கடுத்து 111. 111-இன் வர்க்கம் 12321, இரண்டு போனால் 12319. அது 127-இன் 97 மடங்கு, மீதி சுழியம். அடுக்கான 7-இல் இரண்டைக் குறைத்தால் வரும் 5-ஆவது படியில் சுழியம் வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. 39 இலக்க எண்ணுக்கும் இதே 4-இல் தொடங்கினால் 125 படிகள்தான்.

மீதி காண வகுத்துத்தானே ஆக வேண்டும்? அதுவும் வேண்டாம். 123456-ஐ 999-ஆல் வகுத்தால் மீதி என்ன? 123-ஐயும் 456-ஐயும் கூட்டுங்கள்: 579. 999 முழுக்க ஒன்பதுகளாக இருப்பது போல, இரும முறையில் எழுதினால் லூக்காவின் எண் வெறும் 127 ஒன்றுகள். எனவே அங்கேயும் நறுக்கிக் கூட்டினால் போதும். 127 கட்டம் நீளம், 127 கட்டம் அகலம் கொண்ட சதுரங்கப் பலகை போன்ற ஒன்றில் காய்களை நகர்த்தி இந்தக் கணக்கைப் போடலாம் என்று அவர் விவரித்தார். 2024-இல் கண்டறியப்பட்ட 4,10,24,320 இலக்கப் பகா எண்ணை உறுதி செய்ததும் இந்தச் சோதனைதான்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. எண் பகா எண் இல்லை என்று தெரிந்தாலும், அதன் காரணிகள் எவை என்று சோதனை சொல்லாது. 1644-இல் மெர்சென் பாதிரியார் வெளியிட்ட பகா எண் பட்டியலில், 67 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் எண்ணும் இருந்தது. அது தவறு என்று லூக்கா 1876-இலேயே காட்டிவிட்டார். காரணி ஒன்றும் கையில் இல்லை. 1903-இல் நியூயார்க்கில் நடந்த கணிதக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் அதை முன்வைத்தார்: 193707721 × 761838257287. 27 ஆண்டுகள்! உடையும் என்று அறிவது வேறு, உடைப்பது வேறு. பெரிய பகா எண்களைப் பற்றிய செய்திகளில் இலக்க எண்ணிக்கைக்குக் கிடைக்கும் இடம் இந்த இடைவெளிக்குக் கிடைப்பதில்லை என்பது என் ஆதங்கம்.

அறியப்பட்டவற்றுள் மிகப் பெரிய பகா எண் என்ற பெயர் லூக்காவின் எண்ணுக்கு 1951 வரை, 75 ஆண்டுகள் நிலைத்தது. அந்த ஆண்டு ஃபெரியர் என்பவர் மேசைக் கணக்கீட்டு இயந்திரத்தில் 44 இலக்க எண் ஒன்றைக் கண்டார். அதே ஆண்டில் கேம்பிரிட்ஜில் மில்லரும் வீலரும் எட்சாக் கணினியில் 79 இலக்கத்தைத் தொட்டார்கள். அவர்கள் பிடித்த எண், லூக்காவின் எண்ணை வர்க்கமாக்கி, 180-ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டியது.