மலையேறும் வண்டியும் அதன் மின்மூளையும்

வத்தலக்குண்டிலிருந்து ஏறிவரும் மலைச்சாலையும் பழனியிலிருந்து ஏறிவரும் மலைச்சாலையும் ஒன்றாய்க் கூடும் இடம் பெருமாள்மலை. அங்கிருந்து வெள்ளி அருவியைக் கடந்தால் கொடைக்கானல் சிறு தொலைவே. சுற்றுலா வண்டிகளும், கேரட்டும் பூண்டும் பேரிக்காயும் ஏற்றிய சரக்கு வண்டிகளும் சற்றே இளைப்பாறும் இச்சந்திப்பில், தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்து ஓட்டுநர்களின் பேச்சுக்குச் செவி கொடுத்தால், ‘இழுவை’, ‘பிக்கப்’, ‘மைலேஜ்’ என்னும் மூன்று சொற்கள் திரும்பத் திரும்ப வந்து விழும். அண்மைக் காலமாக ‘ரீமேப்’ என நான்காவது சொல்லொன்றும் அவற்றோடு சேர்ந்திருக்கின்றது.

தமிழ்த்துறை மலரில் எஞ்சினுக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். உழவும் உப்பு வாணிபமும் வண்டிப் பயணமும் நம் பழம் பாட்டுகளுக்கு விலக்காக இருந்ததில்லை. இன்றைய வண்டியைப் பற்றி எழுதத் தமிழுக்கு மட்டும் ஏன் கூச்சம்?

நாம் சென்றிருந்த அன்று, வாடகைக்குப் பெரிய டீசல் வண்டியொன்றை ஓட்டும் இளைஞர் ஒருவர் தம் குறையைக் கூறினார். “சார், எங்க அத்தா ஓட்டின ஜீப்புக்கு ஒரு திருப்புளி இருந்தாப் போதும். இப்ப லேப்டாப் வேணுங்கிறாங்க. வண்டி ஏத்தத்துல இழுக்கவே மாட்டேங்குது. முப்பதாயிரம் கொடுத்தா கம்ப்யூட்டர்ல ஏத்தி விட்டுருவாங்களாம். பவரும் கூடுமாம், மைலேஜும் கூடுமாம்.” வண்டிக்குத் தவணை கட்டும் குடும்பத்திற்கு முப்பதாயிரம் என்பது சிறு தொகையன்று. கொடுக்கலாமா, கூடாதா என்று அவர் நம்மிடம் கேட்டார். அக்கேள்விக்கு விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை.

முதலில் மலையின் இயல்பைக் காண்போம். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பங்கு அளவே. எரிபொருள் எரியக் காற்று வேண்டும். காற்று மெலிந்தால் எரிதலும் மெலியும். டர்போ இல்லாத எஞ்சின் அவ்வுயரத்தில் தன் திறனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். கார்புரேட்டர் காலத்துப் பெட்ரோல் வண்டிகளுக்கு வேறொரு தொல்லையும் இருந்தது. காற்று குறைந்தாலும் பெட்ரோல் அதே விகிதத்தில் குறையாது. கலவை கொழுத்து, வண்டி திணறும், கரும்புகை கக்கும். இளைஞரின் தந்தையார் திருப்புளி கொண்டு செய்தது அதைத் திருத்தும் வேலையே. எஞ்சினைத் தம் வழிக்குக் கொணரும் முயற்சி இப்பகுதிக்குப் புதியதன்று. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தை ஓட்டித் தொழில் தொடங்கிய ஜி.டி. நாயுடு, பின்னாளில் இயந்திர நுட்பத்தில் எவ்வளவு உயர்ந்தார் என்பதைக் கோவை அறியும்.

இன்றைய வண்டியில் திருப்புளியின் இடத்தைக் கைப்பிடிக்குள் அடங்கும் ஒரு பெட்டி பிடித்துக்கொண்டது. இ.சி.யு. என்பது அதன் பெயர்; எஞ்சினை ஆளும் கணிப்பொறி எனலாம். 1967-இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் மின்னணு முறையில் பெட்ரோலைத் தெளிக்கும் அமைப்பை ஃபோக்ஸ்வாகன் வண்டியில் பொருத்தியது. 1997-இல் ஆல்ஃபா ரோமியோ காரில் ‘காமன் ரயில்’ டீசல் முறை வந்தது. நம் நாட்டில் ஸ்கார்ப்பியோ போன்ற வண்டிகள் இம்முறைக்கு மாறியபின், ஊர்தோறும் டீசல் பம்புக் கடைகளில் பம்பு ‘செட்டிங்’ பார்த்த கைகள் கணிப்பொறித் திரையை நோக்க நேர்ந்தது.

இப்பெட்டி செய்யும் வேலையின் வேகத்தை எண்ணிப் பார்ப்பது நன்று. நான்கு உருளை எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுற்று சுழலும்போது நொடிக்கு நூறு முறை டீசல் எரிகிறது. அந்த நூற்றில் ஒவ்வொன்றுக்கும், எவ்வளவு டீசல், எந்தக் கணத்தில், எத்தனை தவணையாகத் தெளிப்பது என்பதை இ.சி.யு. தீர்மானிக்கின்றது. தெளிக்கும் அழுத்தம் 1,600 பார் வரையிலும் அதற்கு மேலும் செல்லும்; நம் கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம். இத்தீர்மானங்கள் எல்லாம் அதன் நினைவகத்திலுள்ள எண் அட்டவணைகளைப் பார்த்தே எடுக்கப்படுகின்றன. மிதிகட்டையை இவ்வளவு அழுத்தினால், சுற்று இவ்வளவு இருந்தால், வெளிக்காற்றழுத்தம் இவ்வளவு ஆனால், டீசல் இவ்வளவு என வாய்ப்பாடு போல் அமைந்தவை அவை. இவ்வட்டவணைகளுக்கு ‘மேப்’ என்று பெயர். அவற்றைத் திருத்தி எழுதுவதே ‘ரீமேப்’.

ஸ்டியரிங்கின் அடியில் பதினாறு ஊசித்துளைகள் கொண்ட இணைப்பு ஒன்று உண்டு. அதன் வழியே மடிக்கணிப்பொறியை இணைத்து, உள்ளிருக்கும் நிரலைப் படியெடுத்து, எண்களை மாற்றி, மீண்டும் ஏற்றுவர். ஏற்றும்போது பேட்டரி இடையில் தளர்ந்தால் இ.சி.யு. உயிரற்ற பெட்டியாகிவிடுவதும் உண்டு. விலை மலிவான இன்னொரு வழி, ‘டியூனிங் பாக்ஸ்’ என்னும் சிறு கருவி. அது அழுத்தத்தை அளக்கும் உணர்விக்கும் இ.சி.யு.வுக்கும் நடுவே அமர்ந்து, அழுத்தம் குறைவாக இருப்பதாகப் பொய் சொல்லும். அதை நம்பும் இ.சி.யு. அழுத்தத்தைக் கூட்டும். பொய் சொல்லி வேலை வாங்கும் இம்முறை நமக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

இதனால் திறன் கூடுமா? கூடும், மறுப்பதற்கில்லை. தயாரிப்பாளர் ஒரே எஞ்சினைப் பல நாடுகளுக்கும், கலப்பட டீசலுக்கும், கவனிப்பற்ற உரிமையாளருக்கும் ஈடுகொடுக்கும்படி சற்று அடக்கியே விடுகிறார். டர்போ டீசல் எஞ்சினில் அந்த அடக்கத்தைத் தளர்த்தினால் நூற்றுக்கு இருபது அளவு திறன் உயர்வதுண்டு. ஆயின் அந்த அடக்கம் வீணுக்கு வைக்கப்பட்டதன்று என்பதை மலை நமக்குக் காட்டும். காற்று மெலிந்த உயரத்தில் அதே அழுத்தத்தைத் தரவேண்டுமாயின் டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். எல்லை மீறினால் அது சிதையும். ஆதலின் உயரம் கூடக்கூட டர்போவின் உழைப்பையும் டீசலையும் குறைக்கும் காப்பு எண்கள் அட்டவணையில் உள்ளன. சமவெளியில் சோதித்துத் திருத்துவோர் கைவைக்கும் எண்களில் இவையும் அடங்கிவிடக்கூடும். காற்று போதாமல் டீசல் மட்டும் மிகுந்தால் கரும்புகை எழும். வெளியேறும் வாயுவின் வெப்பம் ஏறும். கொண்டை ஊசி வளைவுகளில் கிளட்ச் தேயும். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிக்கு உட்பட்ட டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உள்ளது. மிகுந்த கரியால் அது அடைத்துக்கொண்டால் மாற்றும் செலவு ரீமேப் செலவை விஞ்சிவிடும்.

மைலேஜ் பற்றிய வாக்குறுதியையோ நாம் எளிய கணக்கால் சோதித்துப் பார்க்கலாம். ஆட்களோடு இரண்டு டன் எடையுள்ள வண்டி வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம் ஏறுகிறது. எடையை அவ்வுயரத்திற்குத் தூக்க மட்டும் ஏறக்குறைய 35 மெகாஜூல் ஆற்றல் தேவை. அது ஒரு லிட்டர் டீசலில் அடங்கியுள்ள ஆற்றலுக்குச் சமம். எஞ்சினோ டீசலின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கையே சக்கரத்திற்குத் தருகிறது. ஆகவே உயரத்திற்கு மட்டும் மூன்று லிட்டர் செலவாகியே தீரும். காற்றின் எதிர்ப்பும் டயரின் உராய்வும் இதற்கு மேல். எந்த அட்டவணையை எப்படித் திருத்தினாலும் மலையின் உயரத்தைக் குறைக்க இயலாது. திருத்தத்திற்குப் பின் மைலேஜ் கூடியதாகச் சொல்வோர் பலர், இழுவை மிகுந்ததால் உயர்ந்த கியரில் மெல்ல ஓட்டப் பழகியவர்களே.

இறக்கத்தில் வேறொரு தவறு நடக்கின்றது. நாம் கண்டவற்றுள் மிகவும் அஞ்சத்தக்கது அதுவே. டீசல் மிச்சமாகும் என்று கருதி நியூட்ரலில் வண்டியை உருட்டி வருவோர் இன்றும் உளர். கியரில் இருக்கும்போது மிதிகட்டையிலிருந்து காலை எடுத்தால் இ.சி.யு. டீசலை முற்றிலும் நிறுத்திவிடும். சக்கரமே எஞ்சினைச் சுழற்றும். நியூட்ரலிலோ எஞ்சின் நின்றுவிடாதிருக்க டீசல் தெளித்துக்கொண்டே இருக்கவேண்டும். எஞ்சினின் பிடிப்பும் போய், சுமை முழுவதும் பிரேக்கின் மேல் விழும். பிரேக் சூடேறிப் பிடிமானம் இழக்கும். மிச்சமும் இல்லை, காப்பும் இல்லை.

சட்டத்தின் நிலையையும் சுருக்கமாகக் கூறுவோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கின்றது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. விபத்து நேர்ந்து காப்பீட்டுத் தொகை கோரும் நாளில் இது எழுப்பப்படலாம். இ.சி.யு.வின் எண்களை மறைவாக மாற்றுவது எவ்வளவு பெரிய தீங்காகலாம் என்பதை உலகமே 2015-இல் கண்டது. சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் நிரலை ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் உலகெங்கும் ஏறத்தாழ ஒரு கோடியே பத்து லட்சம் டீசல் வண்டிகளில் வைத்திருந்தது அம்பலமாயிற்று.

நம் இளைஞரிடம், பணம் கொடுக்குமுன் வண்டிக்கு நோய் இருக்கின்றதா என்று முதலில் பார்க்கச் சொன்னோம். புதிதாக வாங்கியபோது ஏறிய வண்டி இப்போது ஏறவில்லையெனில் குறை அட்டவணையில் இருக்க வழியில்லை, எண்கள் தேய்வதில்லை. காற்று வடிகட்டி, டயர் காற்று, சக்கரத்தைப் பற்றிக்கொண்டிருக்கும் பிரேக், நாசில், டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் ரப்பர்க் குழாய் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதிக்கச் சொன்னோம்.

பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். அந்த ரப்பர்க் குழாயின் அடிப்புறம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், விரல் நீளத்திற்குக் கிழிந்திருந்ததாம். அழுத்திய காற்றெல்லாம் அவ்வழியே வீணாகியிருக்கிறது. குழாயும் கூலியும் சேர்த்து நான்காயிரத்திற்குள் முடிந்ததாம். “இப்ப மூணாவது கியர்லயே பெருமாள்மலை ஏறுது சார்” என்றார். இறங்கும்போதும் அதே கியரில்தானே என்று கேட்டோம். சற்றுத் தயங்கி, “இனிமே அப்படித்தான் சார்” என்றார்.